கார்டா ஏரிக்குப் போகிறீர்களா? என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நாங்கள் இருப்பது மியூனிக்கில். ஏப்ரல் மாதம் வந்தால் போதும், "கார்டா போகலாம்னு இருக்கோம், நீங்கதான் அடிக்கடி போவீங்களே" என்று தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், மாமியார் வருகிறார், ஒரு வாரம் எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும், வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், விமானமும் ஏறக் கூடாது என்றால் இங்கிருந்து எல்லோர் மனதிலும் முதலில் வருவது இந்த ஏரிதான். வருடா வருடம் அதே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதால் இப்படி எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. சுலபமானவை முதலில், சிக்கலானவை கீழே.

கார்டா ஏரி எங்க இருக்கு? ஒரு ஏரியைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?

வட இத்தாலியில், மிலானுக்கும் வெனிஸுக்கும் நடுவில் இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர்க் கரையில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிடுகிற அளவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இத்தாலியிலேயே பெரிய ஏரி இது, ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமான இடத்தில் சுமார் 17 கிலோமீட்டர், ஆழம் 346 மீட்டர் வரை போகிறது. பனியுகத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறு குடைந்த பள்ளம்தான் பிற்பாடு ஏரியாகியிருக்கிறது. வடக்கே சார்க்கா ஆறு வந்து விழுகிறது, தெற்கே மின்சியோ ஆறாக வெளியேறி போ நதியில் சேர்கிறது.

அத்தனை தண்ணீரும் கோடையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் மெதுவாக விடுகிறது, வடக்கே மலை குளிர்காற்றை மறித்து நிற்கிறது. அதனால்தான் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் நின்றுகொண்டு ஆலிவ் தோப்பும் எலுமிச்சை மரமும் பார்க்க முடிகிறது. ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாயில் ஸ்வெட்டரோடு இருந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் அதைக் கழற்றிப் பையில் போடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா அங்கே இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாடா, வெயில்".

எந்த ஊர்ல தங்கறது?

நீங்கள் எடுக்கப்போகிற முடிவுகளில் முக்கியமானது இதுதான், எல்லோரும் அவசரப்பட்டு எடுப்பதும் இதைத்தான். கார்டா ஒரே ஏரி இல்லை, இரண்டு ஏரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பாதி ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக எழுந்து நிற்கும். ரீவா, டோர்போலே, லிமோனே, மால்செசினே எல்லாம் அங்கே. தெற்குப் பாதி அகலமாக விரிந்து கடல் மாதிரி இருக்கும், கரை தாழ்வாக மேடு பள்ளமில்லாமல் இருக்கும். சிர்மியோனே, டெசென்சானோ, பெஸ்கியேரா, லாட்சீசே, பார்டோலினோ அந்தப் பக்கம்.

நடக்க, மலையேற, சைக்கிள் ஓட்ட, பாய்மரப் பலகையில் நின்று காற்றில் போக ஆசை என்றால் வடக்கு. சின்னப் பிள்ளைகள், முட்டி வலியுள்ள பெரியவர்கள், ரயிலில் வருகிறவர்கள், ஒருநாள் வெரோனாவோ வெனிஸோ பார்க்க நினைப்பவர்கள் என்றால் தெற்கு. இரண்டுமே வேண்டும் என்கிறவர்களுக்குக் கிழக்குக் கரையின் நடுவில் இருக்கும் கார்டா (ஏரியின் பெயரிலேயே ஒரு ஊர்), டோரி போன்ற ஊர்கள் ஓரளவு சரிப்படும். ஆனால் ஒரு வாரம் இருந்தால் மூன்று நாள் வடக்கு, மூன்று நாள் தெற்கு என்று பிரித்துத் தங்குவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பெட்டியை ஒருமுறை கட்டி அவிழ்க்கும் சிரமம்தான், தினமும் அந்தக் கரைச் சாலையில் போய் வரும் அலைச்சல் மிச்சம்.

எல்லாரும் சிர்மியோனே சிர்மியோனேன்னு சொல்றாங்களே, அங்கேயே தங்கிடலாமா?

பார்க்க வேண்டிய இடம், சந்தேகமே இல்லை. ஏரிக்குள் நாலு கிலோமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான நிலம். நுனியில் பழைய ஊர், வாசலில் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கோட்டை. வெரோனாவை ஆண்ட ஸ்காலிகர் வம்சம் கட்டியது. ஊரைத் தாண்டிக் கடைசி முனைக்கு நடந்தால் ரோமானியர் காலத்து மாளிகை ஒன்றின் இடிபாடுகள், ஆலிவ் மரங்களுக்கு நடுவில். ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் பெயரில் அதைக் 'கட்டுல்லஸ் குகைகள்' என்பார்கள், ஆனால் அங்கே குகை எதுவும் கிடையாது. இடிந்த வளைவுகளில் செடி கொடி மூடிக்கிடந்ததைப் பார்த்துப் பழைய காலத்தவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏரிக்கு அடியிலிருந்து கந்தக வாசனையோடு சுமார் 69 டிகிரியில் வெந்நீர் வருகிறது, 1889-இல் அதைக் குழாய் வழியே மேலே கொண்டு வந்தார்கள். அந்த நீரில் குளிக்கிற வசதி இன்றும் இருக்கிறது, பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் கோடை நடுப்பகலில் அந்த ஒடுக்கமான சந்துகளில் நடக்கவே முடியாது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அல்லது மாலை கடைசிப் படகுக் கூட்டம் கிளம்பிய பிறகு போங்கள். தங்குவதற்கு பக்கத்தில் டெசென்சானோவோ பெஸ்கியேராவோ போதும். விலையும் குறைவாக இருக்கும், ரயில் நிலையமும் அங்கேதான் இருக்கிறது.

ரெண்டு நாள்ல காரை எடுத்துட்டு ஏரியை முழுசா ஒரு சுத்து சுத்திட முடியுமா?

தூரம் சுமார் 150 கிலோமீட்டர்தான், ஒரே நாளிலேயே சுற்றலாம். ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். கரையை ஒட்டி ஒரே ஒரு சாலை, ஒவ்வொரு ஊரின் நடுவிலும் புகுந்து போகிறது. ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் பத்து கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆனதை நாங்களே பார்த்திருக்கிறோம், பின் சீட்டில் பிள்ளைகள் அழ, பக்கத்தில் ஏரி மட்டும் அழகாகத் தெரிய. வண்டியை நிறுத்த இடமும் கிடைக்காது.

மேற்குக் கரையில் கார்ன்யானோவிலிருந்து ரீவா வரை பாறையைக் குடைந்து போட்ட சாலை இருக்கிறது, வரிசையாகக் குகைப்பாதைகள். 1931 வாக்கில் அது திறக்கும் வரைக்கும் லிமோனே ஊருக்குப் படகிலோ மலைப்பாதையிலோதான் போக முடியும். அந்தச் சாலையில் ஒருமுறை அதிகாலையில் போய்ப் பாருங்கள், அது தனி அனுபவம். ஓட்டுகிறவருக்கு மட்டும் ஏரியைப் பார்க்க முடியாது, பாதை குறுகல், எதிரே பேருந்து வரும்.

எந்த மாசம் போனா நல்லது?

மே நடுவிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர். செப்டம்பரில் கூட்டம் வடிந்திருக்கும், தண்ணீரில் சூடு இன்னும் இருக்கும், திராட்சை அறுவடையும் நடக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் இரண்டு. ஒன்று, பவேரியாவின் பெந்தெகோஸ்து விடுமுறை, அந்த இரண்டு வாரம் மியூனிக்கே கிளம்பி அங்கே வந்துவிடும். இன்னொன்று ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரம், அது இத்தாலியர்களுக்கே பெரிய விடுமுறை, ஹோட்டல் விலை உச்சியில் இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையை விட்டால் வேறு வழியில்லாத குடும்பங்கள் ஜனவரியிலேயே அறையைப் பிடித்து வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சின்ன ஊர்களில் பாதிக் கடைகளும் ஹோட்டல்களும் மூடிக்கிடக்கும், படகும் குறைந்துவிடும்.

மியூனிக்ல இருந்து கார்ல போறதா, ரயில்ல போறதா?

கார் என்றால் குஃப்ஸ்டைன், இன்ஸ்ப்ரூக், பிரென்னர் வழி. சாலை காலியாக இருந்தால் வடகரைக்கு நாலரை ஐந்து மணி நேரம். ஆஸ்திரியாவின் அதிவேக சாலைக்கு வினியெட் (சாலைக் கட்டண வில்லை) வாங்க வேண்டும், பிரென்னர் பகுதிக்கு அது போதாது, தனியாகச் சுங்கம் கட்ட வேண்டும். இது தெரியாமல் போய் அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பிரென்னர் பாதையில் உள்ள லூக் பாலத்தைப் புதிதாகக் கட்டுகிறார்கள், 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான நாட்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரே வழித்தடம்தான். சனிக்கிழமை காலையில் கிளம்புவதை விட்டுவிட்டு வியாழன் இரவோ ஞாயிறு மாலையோ கிளம்பினால் எவ்வளவோ நிம்மதி. இத்தாலிக்குள் சுங்கச்சாவடியில் முதலில் சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்டுவீர்கள். மஞ்சள் பலகை உள்ள வரிசை டெலிபாஸ் என்னும் தானியங்கிச் சுங்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அதில் போய் நிற்காதீர்கள். வடக்குக்கு ரொவெரேட்டோ தெற்கு வெளிவழி, தெற்குக்கு ஆஃபி வெளிவழி.

ரயில் என்றால் மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்கு மாறாமலே போகும் வண்டிகள் இருக்கின்றன, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். வடகரைக்குப் போகிறவர்கள் ரொவெரேட்டோவில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். தென்கரைக்குப் போகிறவர்கள் வெரோனா வரை போய் அங்கிருந்து பெஸ்கியேராவுக்கு ரயில் மாறுங்கள், கால் மணி நேரம்தான். சீக்கிரம் பதிவு செய்தால் டிக்கெட் மலிவு. அப்பா அம்மாவுக்கு முதுகு வலி என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன், எழுந்து நடக்கலாம், மலையும் நன்றாகத் தெரியும்.

அப்பா அம்மா ஜெர்மனி விசாவுல வந்திருக்காங்க, இத்தாலிக்குத் தனியா விசா எடுக்கணுமா?

வேண்டாம். அது ஷெங்கன் விசா, ஆஸ்திரியாவும் இத்தாலியும் அதற்குள்தான் வருகின்றன. ஒற்றை நுழைவு என்று போட்டிருந்தாலும் பிரச்சினை இல்லை, ஷெங்கனை விட்டு நீங்கள் வெளியே போகவில்லையே. காப்பீடும் ஷெங்கன் முழுக்கச் செல்லுபடியாக எடுத்ததாகத்தான் இருக்கும், தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் நிறுத்திப் பார்ப்பார்கள், இத்தாலிய ஹோட்டலிலும் ஒவ்வொருவர் அடையாளத்தையும் பதிவு செய்வது சட்டம். நமக்கும் அப்படித்தான், பாஸ்போர்ட்டும் இங்கத்திய வதிவிட அட்டையும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும்.

நேராகச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறீர்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா அம்மா உங்களோடு ஜெர்மனியில் ஒரு மாதம், கார்டாவில் ஒரு வாரம் என்றால் ஜெர்மனி விசாதான் சரி.

கார் இல்லாம சமாளிக்க முடியுமா?

நன்றாகவே முடியும், சொல்லப்போனால் சுகமாகவும் இருக்கும். ஊருக்கு ஊர் பயணிகள் படகு ஓடுகிறது, அரசு நடத்தும் சேவை. மெதுவான படகும் உண்டு, கூடுதல் கட்டணத்தில் வேகப்படகும் உண்டு. தெற்கு முனை டெசென்சானோவிலிருந்து வடக்கு முனை ரீவா வரை மெதுவான படகில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை ஒரே மூச்சில் போக நினைக்காதீர்கள். மூன்று நாலு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருநாள் சீட்டு வாங்கினால் கணக்கு சரியாக வரும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் துறையிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே போய்விடும்.

பேருந்துகள் மூன்று பகுதிக்கு மூன்று நிறுவனம். காரணம், ஏரிக்கரையே மூன்று மாநிலங்களுக்குச் சொந்தம், மேற்கு லொம்பார்டி, கிழக்கு வெனெட்டோ, வடமுனை ட்ரெண்டினோ. ஒன்றின் டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. ட்ரெண்டினோ பக்கம் தங்கினால் ஹோட்டலில் விருந்தினர் அட்டை தருவார்கள், அதை வைத்து அந்த மாநிலத்துப் பேருந்துகளில் இலவசமாகப் போகலாம். அவர்களாகத் தர மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

காரை எடுத்துட்டுப் போனா எங்க நிறுத்தறது? அபராதம் வருமாமே?

வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு நமக்கில்லை. இவ்வளவுதான் நிறுத்துவதற்கு.

அபராதம் வருவது வேறு ஒன்றுக்கு. பழைய ஊர்ப் பகுதிகளுக்குள் வெளி வண்டிகள் நுழையக் கூடாது, வாசலில் சிவப்பு வட்டப் பலகையும் கேமராவும் இருக்கும். யாரும் தடுக்க மாட்டார்கள், படம் எடுத்துக்கொண்டு பல மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் அனுப்புவார்கள். நாங்கள் முதல் வருடம் ஒரு சின்ன ஊரில் வழிகாட்டிச் செயலி சொன்னபடியே திரும்பி இரண்டு முறை உள்ளே போய்விட்டோம், இரண்டு கடிதம் வந்தது. உங்கள் ஹோட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால் வருவதற்கு முன்பே வண்டி எண்ணை அவர்களிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாடகைக் கார் என்றால் அபராதத்தோடு அவர்களுடைய கட்டணமும் சேர்ந்து வரும். இந்திய உரிமத்தில் ஓட்டுகிறவர்களுக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் சேர்த்து வேண்டும், அதை ஊரிலிருந்தே எடுத்து வர வேண்டும்.

பீச் இருக்கா? மணல்ல பிள்ளைங்க விளையாடலாமா?

கரை இருக்கிறது, மணல் அநேகமாக இல்லை. கூழாங்கல்லும் புல்தரையும்தான். ரப்பர் காலணி இல்லாமல் பிள்ளைகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே சில இடங்களில் கரை மெதுவாக ஆழமாகும், சின்னவர்களுக்கு அது ஏற்றது. உப்பில்லாத சுத்தமான தண்ணீர், ஆகஸ்டில் குளிரே தெரியாது, ஜூன் தொடக்கத்தில் வடக்கே நன்றாகக் குளிரும்.

ஏரிதானே, கடல் மாதிரி ஆபத்து இல்லையே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்தித்தான் பதில் சொல்வேன். ஆபத்து இருக்கிறது. அலை இல்லை என்பதால்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வடக்கே மலை எப்படிச் செங்குத்தாக மேலே நிற்கிறதோ அப்படியே தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் இரண்டு அடி எடுத்து வைத்தால் தரை இருக்காது. மேலே இதமாக இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனால் சில்லென்றிருக்கும், வெயிலில் காய்ந்த உடம்போடு குதித்தால் மூச்சு அடைக்கும்.

அடுத்தது காற்று. இந்த ஏரியில் காற்றுக்கு நேரம் உண்டு, பெயரும் உண்டு. இரவில் குளிர்ந்த மலைக்காற்று விடியும் முன்பே வடக்கிலிருந்து தெற்கே வீசும், அது 'பெலேர்'. நண்பகல் வாக்கில் அது அடங்கி, சமவெளியிலிருந்து சூடான மலையை நோக்கித் தெற்கிலிருந்து வடக்கே வீசத் தொடங்கும், அது 'ஓரா'. டோர்போலேயில் உலகெங்கிலுமிருந்து பாய்மரக்காரர்கள் வந்து கூடுவதே இந்தக் காற்றுக்காகத்தான். 1786 செப்டம்பரில் ஜெர்மன் கவிஞர் கெதே டோர்போலேயிலிருந்து விடியும் முன் படகில் கிளம்பி, காற்று எதிராகத் திரும்பியதால் மால்செசினேயில் கரை ஒதுங்கினார். அங்கே கோட்டையை வரைந்துகொண்டிருந்தவரை ஒற்றன் என்று ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். எங்களுக்கும் அதே காற்றுதான். பிற்பகல் இரண்டு மணிக்கு என் தம்பியும் அவன் மகளும் மிதிபடகு எடுத்து வடக்கே சுகமாகப் போனார்கள், திரும்ப முடியவில்லை. ஒரு மணி நேரம் மிதித்தும் இருந்த இடத்திலேயே நின்றார்கள், வாடகைக்காரர்தான் விசைப்படகில் போய் இழுத்து வந்தார். மிதிபடகு எடுப்பதென்றால் காற்று மாறும் இடைவெளியில், காலை பத்து பதினொரு மணிக்கு எடுங்கள், கரையை விட்டுத் தூரம் போகாதீர்கள்.

நீச்சல் தெரியாதவர் மிதிபடகில் இருந்து குதிக்கக் கூடாது, உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறவும் கூடாது. 'சும்மா பக்கத்துலதானே' என்று போட்டோவுக்காக இறங்குவதும் வேண்டாம். அவசரத்துக்கு 112. நீரில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1530, அவர்கள் இந்த ஏரியிலும் சாலோ ஊரில் நிலையம் வைத்திருக்கிறார்கள்.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். பீட்சா, தக்காளி பாஸ்தா, காளான் பாஸ்தா, சுட்ட காய்கறி எங்கும் கிடைக்கும். சீஸ் வேண்டாம் என்றால் மரினாரா பீட்சா கேளுங்கள், தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும்தான். இந்த ஏரிக்கரை ஆலிவ் எண்ணெய் பெயர் போனது, காரமில்லாமல் மென்மையாக இருக்கும். ஒரு சின்னப் புட்டி வாங்கி வந்து இட்லிப் பொடியில் குழைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. ரிசோட்டோ என்னும் அரிசி உணவை இறைச்சி வேகவைத்த நீரில் சமைப்பார்கள், கேட்காமல் சாப்பிடாதீர்கள். தெற்கே வலேஜ்ஜோ ஊரில் பிரபலமான தொர்தெல்லினி என்னும் பூரணம் வைத்த பாஸ்தாவின் உள்ளே இறைச்சி இருக்கும், காய் வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். பார்மெசான் சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது, அது வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள், புன்னகையோடு சொன்னால் சமையலறை வரை போய்க் கேட்டு வருவார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஏரி மீனும் பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களியும் சேர்த்துத் தருவது உள்ளூர்ச் சாப்பாடு.

நேரம் முக்கியம். மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான் மறுபடி. நாலு மணிக்குப் பசித்தால் ரொட்டிக்கடையும் ஐஸ்கிரீமும்தான்.

ஹோட்டலா, சமையலறை இருக்கிற வீடா?

பெரியவர்கள் கூட இருந்தால் சமையலறையுள்ள வீடு. காலையில் காப்பியும் ராத்திரி ஒரு ரசம் சாதமும் கிடைத்தால் அவர்கள் முகமே வேறு மாதிரி இருக்கும். சின்ன குக்கர், அரிசி, பருப்பு, புளி, ஒரு டப்பாவில் பொடிகள் போதும். காய்கறி அங்கேயே நன்றாகக் கிடைக்கும், கத்தரிக்காய் அருமை. பெஸ்கியேராவுக்கும் லாட்சீசேவுக்கும் நடுவில் பெரிய முகாம் மைதானங்கள் இருக்கின்றன. கூடாரம்தான் போட வேண்டும் என்றில்லை, சமையலறையோடு சின்ன வீடுகளும் வாடகைக்குத் தருவார்கள், நீச்சல்குளமும் உண்டு. பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உச்சப் பருவத்தில் சனி முதல் சனி வரை ஒரு வாரமாகத்தான் கொடுப்பார்கள்.

பில்லுல நாங்க சாப்பிடாததுக்கெல்லாம் காசு போட்டிருக்காங்களே?

அது 'கொபெர்த்தோ', மேசையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது. மெனுவில் போட்டிருப்பார்கள், ஏமாற்று இல்லை. தங்குமிடத்திலும் ஆளுக்கு, இரவுக்கு என்று ஊராட்சி வரி தனியாக வரும், பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். காப்பி நின்றுகொண்டே குடித்தால் மலிவு. குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், தெருவோரக் குழாய்களில் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேபிள் கார்ல மலை ஏறணுமாமே, பெரியவங்க வரலாமா?

மால்செசினேயிலிருந்து பால்டோ மலைக்குப் போவது. கரையிலிருந்து சுமார் 1,760 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போகும், நடுவில் ஒருமுறை மாற வேண்டும். மேல் பாதியில் பெட்டி தானாகச் சுழன்றுகொண்டே ஏறும், எந்த மூலையில் நின்றாலும் ஏரி முழுக்கத் தெரியும். பெரியவர்கள் தாராளமாக வரலாம், மேலே சமமான புல்வெளிப் பாதை இருக்கிறது. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், சில நிமிடங்களில் அவ்வளவு உயரம் ஏறுகிறோம்.

கீழே 30 டிகிரி என்று அரைக்கை சட்டையோடு வராதீர்கள், மேலே 15 டிகிரி குறைவாக இருக்கலாம். டிக்கெட்டை நேரம் போட்டு முன்பே எடுத்துவிடுங்கள், காலை முதல் வண்டிகளில் போனால் மேகம் சேரும் முன் பார்த்துவிடலாம்.

கார்டாலாண்டுக்கு ஒரு நாள் போதுமா?

போதும். 1975-இல் திறந்த விளையாட்டுப் பூங்கா, பெஸ்கியேராவுக்குப் பக்கத்தில். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது. பள்ளி விடுமுறைச் சனி ஞாயிறில் வரிசையே நாளை விழுங்கும், வார நாளில் திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை மட்டும் என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் படகில் போங்கள் என்பேன்.

மழை பெஞ்சா என்ன செய்யறது?

பகல் முழுக்க மழை என்றால் வெரோனா போய்விடுங்கள், பெஸ்கியேராவிலிருந்து கால் மணி நேரம் என்று மேலே சொன்னேனே. ரோமானியர் கட்டிய வட்ட அரங்கில் 1913-இலிருந்து கோடை இரவுகளில் இசை நாடகம் நடக்கிறது, மழை இல்லாத இரவுக்கு அதையும் யோசித்துப் பாருங்கள். வடக்கே இருந்தால் ரீவாவுக்கு மேலே வரோனே அருவி, மழைக்குப் பிறகு அதன் இரைச்சலைக் கேட்க வேண்டும். கோடை மாலை இடிமழை வேறு ரகம், திடீரென்று வரும், கரையை விட்டு உடனே மேலே வந்துவிடுங்கள்.

லிமோனேன்னா எலுமிச்சையா? அங்க என்ன பார்க்கறது?

ஊர்ப் பெயர் எல்லை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் எலுமிச்சைக்குத்தான் இன்று பெயர். மலைச்சரிவில் உயரமான கல்தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். குளிர்காலத்தில் அந்தத் தூண்களின் மேல் பலகையும் கண்ணாடியும் போட்டு மூடி, மரங்களைப் பிள்ளை மாதிரி காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு பழைய எலுமிச்சைத் தோட்டத்தை உள்ளே போய்ப் பார்க்கலாம், அப்பாவுக்கு அந்த ஒரு இடம்தான் முழுப் பயணத்திலும் பிடித்தது, அரை மணி நேரம் காம்பையும் இலையையும் தடவிக்கொண்டிருந்தார். ஊருக்கு வடக்கே பாறையில் தொங்கவிட்ட மாதிரி ஒரு சைக்கிள் பாதை 2018-இல் போட்டார்கள், நடக்கலாம், சமதளம், கட்டணம் இல்லை. நிழல் குறைவு, காலையில் போங்கள்.

ரீவால ஹோட்டல் புக் பண்ணிட்டோம், காசும் திரும்ப வராது. நாங்க பார்க்க நினைச்சதெல்லாம் தெற்குல இருக்கு. என்ன செய்யட்டும்?

இதைத்தான் அதிகம் பேர் புக் செய்த பிறகு கேட்கிறார்கள். கவலைப்படாதீர்கள், பட்டியலை மாற்றுங்கள், ஊரை மாற்ற வேண்டாம். ரீவா 1918 வரைக்கும் ஆஸ்திரியாவின் கையில் இருந்த ஊர், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும், அங்கேயே ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது. ஒருநாள் பொனாலே பழைய சாலையில் ஏறுங்கள், 1851-இல் பாறையில் வெட்டிய பாதை, இப்போது வண்டி கிடையாது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். நிழல் வேண்டுமென்றால் மாலையில் போங்கள். இன்னொரு நாள் லெட்ரோ ஏரி, தண்ணீரில் கம்பம் நட்டு வீடு கட்டி வாழ்ந்த ஆதி மனிதர்களின் சுவடுகள் கிடைத்த இடம், பேருந்திலேயே போகலாம், விருந்தினர் அட்டை செல்லும். மூன்றாவது நாள் படகில் லிமோனே, மால்செசினே, கேபிள் கார். தனியார் விசைப்படகுகளுக்கு அந்த வடபகுதியில் அனுமதி இல்லை, அதனால் தண்ணீரே அமைதியாக இருக்கும்.

சிர்மியோனேயை விடவே முடியாது என்றால் கடைசி நாளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அறையைக் காலி செய்து, காரில் விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கிழக்குக் கரையில் கூட்டம் இருக்காது, எட்டு மணிக்குள் கோட்டை வாசலில் நிற்பீர்கள். பதினொரு மணிக்குள் பார்த்து முடித்து ஆஃபி வழியாக நெடுஞ்சாலை ஏறிவிடுங்கள். ஞாயிறாக இல்லாமல் திங்களாக இருந்தால் இன்னும் நல்லது.